முப்பத்தொன்றாவது பெயர்

ஜனவரி கடைசி வாரம் வந்தால் எனக்கு முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். பனியால் அல்ல. மினசோட்டாவில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பனியெல்லாம் ஒரு பொருட்டா? அந்தப் பட்டியலால்தான்.

தொழில்முறை அமெரிக்க ஃபுட்பாலில் இறுதி ஆட்டத்துக்கு வரும் இரண்டு அணிகள் எவை என்று தெரிந்ததும், அந்த இரண்டிலும் எங்கள் கல்லூரியில் ஆடிவிட்டுப் போனவர்கள் யார் யார் என்று தேடி எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டும். முப்பத்திரண்டு வருடமாகக் கல்லூரி அணியின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் வெர்லீன் ஹௌகன் என்கிற நான்தான் அதைச் செய்வது. இப்போது எனக்கு அறுபத்துமூன்று வயது. எங்கள் கல்லூரியில் இரண்டாயிரம் பேர்கூடப் படிப்பதில்லை. ஆனால் முப்பது வருடமாக, சூப்பர் பவுல் என்கிற அந்த இறுதி ஆட்டம் ஒவ்வொன்றிலும் எங்கள் ஆள் ஒருவராவது இருந்திருக்கிறார் என்பது ஊர்ப் பெருமை. இங்கே வெளியூர்க்காரன் ஒருவன் காபி குடிக்க உட்கார்ந்தால், கோப்பை காலியாவதற்குள் இதை யாராவது அவன் காதில் போட்டுவிடுவார்கள்.

உடை மாற்றும் அறையிலிருந்து மைதானத்துக்குப் போகும் வழியில் ஒரு சிமெண்டுச் சுவர் இருக்கிறது. அந்தப் பெயர்களெல்லாம் வருடத்தோடு அதில் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும். இதற்கு விதி ஒன்றுதான்: அன்றைக்குச் சீருடை போட்டு, ஆடத் தயாராக மைதானத்தின் ஓரத்தில் நின்றிருக்க வேண்டும். ஒரு நொடிகூட ஆடாவிட்டாலும் பரவாயில்லை. கோட்டு போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தவனுக்குச் சுவரில் இடம் கிடையாது.

இந்த வருடம் எங்களுக்கு இருந்தது ஒரே ஒருவன்தான். டேன் ஓகார்ட், வயது முப்பத்தாறு. குனிந்து நின்று, இரண்டு கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் நிற்கும் உதைப்பவனிடம் எறிவது அவன் வேலை. எறிந்துவிட்டுத் தலையை நிமிர்த்துவதற்குள் முந்நூறு பவுண்டு ஆள் ஒருவன் வந்து மோதுவான். ஒழுங்காகச் செய்தால் ஒருவருக்கும் பெயர் தெரியாது, ஒரு தடவை பிசகினால் நாடே திட்டும். இதைப் பதினான்கு வருடம் நான்கு அணிகளில் செய்திருக்கிறான். இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தது இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹோட்டல் அறையிலிருந்து கூப்பிட்டான்.

“என்ன பாஸ், என்ன பண்றீங்க?” அணிப் பையன்கள் எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“லீவு நாள்ல ஆபீஸ்ல உக்காந்து உன் பேரைத் தட்டிட்டிருக்கேன். வேற என்ன பொழப்பு எனக்கு?”

“போட்டோ நல்லதாப் பாத்துப் போடுங்க. முடி இருந்தப்ப எடுத்தது.”

“முடி உனக்கு எப்படா இருந்துச்சு?”

சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“ஒண்ணு கேக்கணும் பாஸ். நாளைக்கு நான் எறங்கலேன்னா, இந்த முப்பது வருஷத் தொடர்ச்சி போயிருமா?”

“போயிரும். ஏன் கேக்கற?”

“இடது கை மரத்துப் போகுது. போன ஆட்டத்துல ஒருத்தன் கழுத்து மேல விழுந்தான்ல, அதுலேருந்து. இன்னிக்குக் காலைல மகளுக்குப் பல்லு தேச்சுவிடலாம்னு பிரஷ்ஷ எடுத்தேன், நழுவிருச்சு. மறுபடி எடுத்தேன், மறுபடி நழுவிருச்சு. நான் வெளயாட்டு காட்றேன்னு அவ கைதட்டுறா.”

தட்டச்சு செய்வதை நிறுத்தினேன்.

“டாக்டர்ட்ட சொன்னியா?”

“சொன்னா உக்கார வெச்சிருவாங்க.”

“உக்காரேன்டா! கழுத்துடா அது. இன்னொரு அடி விழுந்தா ரெண்டு கையும் போயிரும். உன் பொண்டாட்டி உனக்குச் சோறு ஊட்டிட்டு இருக்கணுமா?”

“ஆறு தடவை குனியணும். மிஞ்சிப்போனா எட்டு. முப்பது வருஷத்த நான் ஒடைக்க முடியுமா பாஸ்? ஊர்க்காரன் மொகத்துல எப்படி முழிக்கிறது?”

அந்த நேரத்தில் எனக்கு வந்த அலுப்பு இந்த ஜென்மத்துக்குப் போதும். இருபத்தாறு வருடமாக யாரிடமும் சொல்லாததை வாயைத் திறந்து சொன்னேன்.

“அது ஏற்கனவே ஒடஞ்சதுதான்டா. அஞ்சாவது வருஷமே.”

நடந்தது இதுதான். அந்த வருடம் எங்கள் ஆள் லைல் ஸ்டென்சன் ஒருவன்தான். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால்தான், அன்று யார் யார் சீருடை போடாமல் உட்கார வேண்டும் என்று அணிகள் அறிவிக்கும். நானோ பத்திரிகைக்கு மதியமே கொடுத்தாக வேண்டும். அறிவிப்புக்குக் காத்திருக்காமல் அனுப்பிவிட்டேன். லைலை உட்காரவைத்திருந்தார்கள் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரியும். அதற்குள் செய்தி அச்சாகி, தேவாலயத்தில் கேக் வெட்டி, ‘ஐந்து வருடம்’ என்று கைத்துண்டில்கூட அச்சடித்துவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. யாருக்கு என்ன நஷ்டம் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் சுவர் எழுப்பினார்கள். லைலின் பெயருக்கு அளவெடுத்துக் கொடுத்ததே நான்தான்.

டேன் உடனே பதில் சொன்னான்.

“தெரியும் பாஸ்.”

“என்ன தெரியும்?”

“லைல் சொல்லிருக்காரு. ஹைஸ்கூல்ல அவர்தான எங்க கோச்சு. பஸ்ல வரும்போது ஒருநாள், ‘நான் அன்னிக்குக் கோட்டு போட்டுட்டு ஹாட்டாக் தின்னுட்டிருந்தேன்டா’ன்னாரு. அதனாலதான் எறங்கணும்ங்கறேன். நான் உக்காந்தா தொடர்ச்சி முடிஞ்சிச்சுன்னு பெருசா எழுதுவாங்க. மொதல் வருஷத்துலேருந்து தோண்டுவாங்க. உங்க பேரு நாறிரும். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகற நேரத்துல எதுக்கு?”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

“என் பேர சாக்கு வெச்சு உன் கழுத்த ஒடச்சுக்காத. கேட்டனா உங்கிட்ட நான்?” என்று கத்திவிட்டு வைத்தேன்.

வைத்த கையோடு தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். நான்கே வரி. ஐந்தாவது வருடம் எங்கள் கல்லூரி ஆள் யாரும் சீருடையில் இல்லை. தவறாக எழுதியது நான். தெரிந்த பிறகும் மறைத்தது நான். தொடர்ச்சி முப்பது அல்ல, இருபத்தைந்து. கீழே என் பெயர்.

அந்த நேரம் பார்த்து விளையாட்டுத் துறைத் தலைவர் க்ரெய்க் பெல்மன் உள்ளே வந்தார். பதவிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, எந்நேரமும் சந்தோஷமாக இருக்கும் மனிதர். கையில் ‘31’ என்று போட்ட பேனரின் மாதிரி.

“சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கோ வெர்லீன்?”

திரையை அவர் பக்கம் திருப்பினேன். வாசித்தார். மறுபடி வாசித்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“இதத் திங்கக்கிழமை பேசிக்கலாமே.”

“இருபத்தாறு வருஷமா நானும் அந்தத் திங்கக்கிழமையத்தான் பாத்துட்டிருக்கேன்.”

“பெரிய ஆட்டத்துக்கு மொத நாள்! யாராவது இப்பக் கேட்டாங்களா உங்கள? லைலே செத்துப் போயாச்சு!”

“டேன் உயிரோட இருக்கான்ல.”

அவருக்குப் புரியவில்லை. டேனின் கழுத்தைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாப் பத்திரிகைகளுக்கும் அனுப்பினேன். அதையே டேனுக்கும் அனுப்பி, கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘என் பேரு நாறியாச்சு. இனி உன் கழுத்தப் பாரு.’

பதில் வரவில்லை. மாலையில் உள்ளூர் வானொலியில் என்னைக் கிழித்தார்கள். ஞாயிறு தேவாலயத்தில் என் வரிசையில் யாரும் உட்காரவில்லை. உண்மையைச் சொன்னால் கால் நீட்டி உட்கார வசதியாகத்தான் இருந்தது. இருந்தாலும் முப்பது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்த தோழி ஆர்டிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டது சுட்டது.

மாலை நான்கு மணிக்கு அறிவிப்பு வந்தது. இரண்டு அணிகளிலும் உட்கார வேண்டியவர்கள். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். ஐந்தாவதாக இருந்தது: ஓகார்ட், கழுத்து. அவனுக்குப் பதிலாக வேறு ஏதோ கல்லூரியிலிருந்து வந்த பையன்.

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது. ஆனாலும் பட்டியலை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

பத்து நிமிடத்தில் போன் அடித்தது. பின்னால் வாத்தியமும் கூட்டத்தின் இரைச்சலும்.

“டாக்டர்ட்ட சொல்லிட்டேன்,” என்றான் டேன். “ராத்திரியே ஸ்கேன் எடுத்தாங்க. படத்தப் பாத்ததுமே அந்தாளு தலைய ஆட்டிட்டாரு, முடியாதுன்னு.”

“நல்லதாப் போச்சு.”

“ஒண்ணும் நல்லதாப் போகல.” அவன் அழுதுகொண்டிருந்தான். “ஊரும் சாக்கு, சுவரும் சாக்கு, நீங்களும் சாக்கு. எனக்கு ஆடணும் பாஸ். அவ்ளோதான். பதினாலு வருஷத்துல இது ஒண்ணுதான் வந்துச்சு. எல்லாச் சாக்கையும் புடுங்கிட்டு என்னைக் கழுத்தோட தனியா விட்டுட்டீங்க.”

“தெரியும்டா.”

“உங்கள மன்னிக்க எனக்கு இப்ப முடியாது.”

“வேணாம். இப்ப எங்க இருக்க?”

“மைதானத்து ஓரத்துல. கோட்டு போட்டுட்டு, காதுல இயர்போனோட. மகளத் தூக்கி வெச்சிருக்கேன், கூட்டத்தப் பாக்கணும்ங்கறா.” பக்கத்தில் குழந்தை சிரிப்பது கேட்டது. “வலது கையில, பாஸ். இடதுல வெக்கப் பயமா இருக்கு.”