சனிக்கிழமை இரவு இரண்டு, ஞாயிறு காலை ஒன்று

1

இந்தக் கதை இன்று காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் வந்தது. கதை எப்படிப் பிறந்தது என்று எழுதுகிறவர்கள் சொன்னால் பாதியைத் தள்ளிவிட வேண்டும். இதைத் தள்ள வேண்டாம். நான் ரைஸ் குக்கருக்கும் ஈரப்பதமூட்டிக்கும் பயன்பாட்டுக் கையேடு எழுதிப் பிழைப்பவள். அளந்துவிட்டுப் பழக்கமில்லை.

அழைத்தவர் இவாசகா மலையில் சிறு விடுதி நடத்தும் ஹமநோ அம்மா.

"தொமோயேவாம்மா? நாளன்னிக்கு சனிக்கிழமை வர்றீங்கல்ல, ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன். மினேகோதான் புக் பண்ணாங்க. உன் நம்பரையும் குடுத்து வச்சிருந்தாங்க. ராத்திரி சாப்பாடு ரெண்டு பேருக்கு, மறுநாள் காலைச் சாப்பாடு ஒருத்தருக்குன்னு எழுதியிருக்கேன். இப்படி யாரும் சொல்ல மாட்டாங்களே, நான்தான் தப்பா எழுதிட்டேனோ? மீன்காரர்கிட்ட சொல்லணும்மா, எத்தனை பேருன்னு."

அப்படி ஒரு முன்பதிவு இருப்பதே எனக்குத் தெரியாது. எப்போது செய்தாள் என்று கேட்டேன். செப்டம்பர் ஏழாம் தேதி காலை என்றார், ஏட்டைப் பார்த்து.

"அஞ்சு மணிக்குள்ள சொல்றேம்மா," என்று வைத்துவிட்டேன். மினேகோ இறந்து இன்றோடு பத்தொன்பது நாள் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது பதினொன்று பத்து. ஐந்து மணிக்குள் நான் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கம் அ: "அக்டோபரில் இவாசகாவின் பனிச்சறுக்குச் சரிவுகளில் பனி இல்லை. பனி பீய்ச்சும் இயந்திரங்கள் நீலத் தார்ப்பாய்க்குள் தூங்க, கேபிள் காரின் வெளிக்கொக்கிகளில் சைக்கிள்கள்" (போதும். ரயில் நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் துண்டறிக்கை மாதிரி இருக்கிறது.)

தொடக்கம் ஆ: "கணையத்தில் புற்று என்று தெரிந்த அன்று மாலை மினேகோ தன் மலைச் சைக்கிளுக்குப் புது டயர் வாங்கினாள்." (நடந்ததுதான். ஆனால் படிக்கிறவர் அவளை வீராங்கனை என்று நினைத்துவிடுவார். டயருக்கு அவள் முந்தின மாதமே சொல்லி வைத்திருந்தாள். கடைக்காரர் அன்றைக்குத்தான் கூப்பிட்டார். திரும்பி வரும் வழியில், டயரை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் அழுதாள்.)

தொடக்கம் இ: "எனக்கு ஒரு தோழி இருந்

கையேட்டில் முதலில் பாகங்களின் பெயர்களைத் தருவோம். அப்படியே செய்கிறேன். மினேகோ, நாற்பத்தொன்பது வயது, எங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துபவள். பதினாறு வருடங்களுக்கு முன் நான் எழுதிய முதல் கையேட்டில், உள்பாத்திரத்தை வைப்பதற்கு முன்பே அரிசியையும் தண்ணீரையும் ஊற்றச் சொல்லியிருந்தேன். அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"நீங்க வாழ்க்கையில ஒரு தடவையாவது சோறு ஆக்கியிருக்கீங்களா?"

அவள் எனக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே வாக்கியம் அது. அந்த இலையுதிர் காலத்திலேயே என்னை மலைச் சைக்கிளில் ஏற்றிவிட்டாள். அன்றுமுதல் வருடம் தவறாமல் அக்டோபரில் இவாசகா. கேபிள் காரில் உச்சிக்குப் போய், காட்டுத் தடத்தில் இறங்குவோம். அவள் முன்னால், நான் பின்னால். "கல்லு!" "வேரு!" "பிரேக்கை விடுடி!" என்று கத்திக்கொண்டே போவாள். பதினாறு வருடத்தில் நான் பார்த்த மலை என்பது பெரும்பாலும் அவளுடைய பின்சக்கரம்தான்.

3

பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒரு சிறு புத்தகம் தருவார்களே, தாளை மடித்துப் பின் அடித்தது. எத்தனை மணிக்கு எங்கே கூட வேண்டும், என்னென்ன கொண்டு வர வேண்டும், மழை பெய்தால் என்ன செய்வது. எங்கள் பயணங்களுக்கும் நான் அப்படி ஒன்று தயாரிப்பேன், அவள் திருத்துவாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிழையை வேண்டுமென்றே விட்டுவைப்பேன். அதைக் கண்டுபிடித்தால்தான் அவளுக்கு அன்றைய காப்பி இனிக்கும்.*

(* இது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.)

ஆகஸ்டில், தாச்சிகாவா மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில், அவளே ஆரம்பித்தாள்.

"எங்கடி இந்த வருஷத்துப் புத்தகம்?"

"எதுக்கு?"

"எதுக்கா? அக்டோபர் வரலையா உங்க வீட்டுக் காலண்டர்ல?"

அப்போது அவள் முப்பத்தெட்டு கிலோ. கட்டிலுக்குக் குறுக்கே இருந்த சாப்பாட்டுப் பலகையில் தடங்களின் வரைபடத்தை விரித்தோம். சக்கரங்களைக் கழற்றி, சைக்கிளை முழுசாகப் பைக்குள் போட்டால்தான் ரயிலில் ஏற்றலாம். அந்தப் பையை வைக்கக் கடைசி வரிசை இருக்கையின் பின்னால்தான் இடம் இருக்கும். ஆகவே கடைசி வரிசையில் இரண்டு இருக்கை. கரடியை எச்சரிக்க மணி இரண்டு. மழை வந்தால் என்ன செய்வது என்று நான் எழுதவில்லை என்பதற்காக அரை மணி நேரம் திட்டினாள்.

"தின்பண்டம்னு போட்டிருக்கியே, வாழைப்பழம் அதுல சேருமா?"

"சேராது. அது சாப்பாடு."

"எழுதுடி அதை. அப்புறம் வழியில சண்டை வரக் கூடாது."

செவிலியர் சிரித்துக்கொண்டே சொட்டு மருந்தை மாற்றினார். "ரெண்டு பேரும் எங்க போறீங்க?" என்றார். மலைக்கு என்றாள் மினேகோ. 

அவள் கணவர் யசுநோரி என்னை நடைவழிக்குக் கூப்பிட்டார். மெதுவாகப் பேசுகிற மனிதர், அன்று இன்னும் மெதுவாகப் பேசினார்.

"டாக்டர்கிட்ட அக்டோபர்னு எடுத்தாலே பேச்சை மாத்திடறாருங்க. அவளுக்கும் தெரியும். நீங்க அவகூட விளையாடறீங்களா, நிஜமாவே நம்பறீங்களா, அதுதான் எனக்குப் புரியல."

எனக்கும் புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ரயில் நேரம் மாறியிருக்கிறது, பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

4

மணி ஒன்று நாற்பது. மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இந்த மினேகோவின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. சாகப்போகிறவர்கள் கதைக்குள் வந்தால் நல்லவர்களாகிவிடுகிறார்கள். என் மினேகோ நல்லவளெல்லாம் இல்லை. ஒரு தடவை நடுக்காட்டில் என் டயர் வெடித்தபோது கையிலிருந்த மாற்று டியூபைத் தராமல், "நீதான் கொண்டு வந்திருக்கணும்" என்று சொல்லி என்னை நான்கு கிலோமீட்டர் உருட்ட வைத்தாள். கூடவே தானும் உருட்டிக்கொண்டு வந்தாள் என்பதையும் எழுதினால் மறுபடி நல்லவளாகிவிடுவாள்.

(எழுதிவிட்டேன். போகட்டும்.)

அடுத்த பகுதியை எழுத வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் சுற்றி வருகிறேன்.

5

செப்டம்பர் ஐந்து, வெள்ளிக்கிழமை. மதிய இடைவேளையில் அலுவலகக் கணினியிலேயே பயணப் புத்தகத்தின் சனிக்கிழமைப் பக்கத்தை அடித்து முடித்தேன். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு அப்போது பேனா பிடிக்கவே தெம்பில்லை. ஆனாலும் வரி வரியாகப் படித்தாள்.

7:40 ரயில், 2 இருக்கை. சரி.
11:15 சைக்கிள்களுக்குச் சக்கரம் மாட்டுதல், 2. சரி.
12:30 மலையுச்சி உணவகம், கட்லெட் போட்ட குழம்புச் சோறு, 1.

அங்கே பேனா நின்றது. கீழே வெந்நீர்க் குளியல், 1. இரவு உணவு, 1.

நான் அப்படி அடித்தேன் என்பதே அவள் பேனா நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். கை தானாக அடித்திருக்கிறது. யசுநோரி நடைவழியில் சொன்னதை என் மண்டை மறந்தாலும் கை மறக்கவில்லை போல.

"அது... உனக்காக விட்டு வச்ச பிழைடி," என்றேன்.

"பொய் சொல்லாத. நீ வேணும்னு விடற பிழை எல்லாம் தேதியிலதான் இருக்கும். எண்ணிக்கையில நீ தப்பே பண்ண மாட்ட." மூச்சு வாங்கியது. "சனிக்கிழமை மத்தியானமே என்னைக் கொன்னுட்டியேடி. ராத்திரி சாப்பாடு வரைக்குமாவது விட்டு வைக்கக் கூடாதா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்து, "தண்ணி குடு," என்றாள். உறிஞ்சு குழாயை வாயில் வைத்தேன். குடித்துவிட்டு மூன்று இடத்திலும் ஒன்றை அடித்துச் சிவப்பில் இரண்டு என்று எழுதினாள். பிறகு புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமையை நான் எழுதிக்கறேன். நீ அதுல கை வைக்காத."

இது நடந்தது செப்டம்பர் ஆறு. ஹமநோ அம்மாவின் ஏட்டில் இருப்பது செப்டம்பர் ஏழு காலை.

நான் தொழில்முறையாகக் கையேடு எழுதுகிறவள். ஒரு தப்பான எண்ணால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், தீப்பிடிக்கும். இறந்துபோன தோழியிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எந்தக் கையேட்டிலும் எழுதியதில்லை.

6

இறுதிச் சடங்கு நாளன்று யசுநோரி அந்தப் புத்தகத்தை ஓர் உறையில் போட்டு என்னிடம் தந்தார். "உங்ககிட்ட குடுக்கச் சொன்னா. நான் பிரிக்கல," என்றார். நானும் பிரிக்கவில்லை. அன்றிலிருந்து அது ரைஸ் குக்கர் மாதிரிகள் இருக்கும் அலமாரியில் கிடந்தது. மூன்று மணிக்குப் போய் எடுத்து வந்தேன்.

(கதையில் இப்படி ஓர் உறை வந்தால் நானே முகம் சுளிப்பேன். என்ன செய்ய, இருந்தது.)

ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். கறுப்பு மையில் எழுதியிருக்கிறாள். பதினாறு வருடத்தில் அவள் கையெழுத்தை நான் சிவப்பைத் தவிர வேறு நிறத்தில் பார்த்ததில்லை.

*7:30 காலை உணவு, 1. (இது பிழை அல்ல.)*

*9:20 முதல் கேபிள் கார். ஒரு சைக்கிள்.*

*9:45 இறக்கம். முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் பயப்படுவாய். டயரைப் பார்க்காதே, பத்தடி தள்ளிப் பார். கல்லு, வேரு எல்லாம் நீயே கத்திக்கொள்.*

*மழை பெய்தால்: நனையவும்.*

*மாற்று டியூப்: நீதான் கொண்டு வர வேண்டும்.*

கீழே கோணல் மாணலாக இன்னொரு வரி தொடங்கி நின்றிருக்கிறது: *சனிக்கிழமை ராத்திரி நான்* அவ்வளவுதான். முற்றுப்புள்ளி இல்லை. முற்றுப்புள்ளி இல்லாத ஒரு வரியை அவள் விட்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

7

மணி நாலேகால். முடிவுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கிறேன்.

முடிவு அ: விடுதிக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, வரவில்லை என்கிறேன். ஹமநோ அம்மா அழுகிறார். நானும் அழுகிறேன். சைக்கிள் பரணிலேயே இருக்கிறது. (நியாயமான முடிவு. இதை எழுதும்போது கை கூசுகிறது.)

முடிவு ஆ: அவள் சொன்னபடியே இரவு இரண்டு, காலை ஒன்று. எதிரில் ஒரு தட்டு, சுட்ட மீன், சூப், ஆவி பறக்கும் சோறு. நான் சாப்பிடுகிறேன், எதிர்த் தட்டு ஆறுகிறது. காலையில் எழுந்து தனியாக உச்சிக்குப் போய், முன்னால் யாரும் இல்லாத தடத்தில் "கல்லு!" என்று எனக்கு நானே (அழகாக இருக்கிறது. அவள் போட்ட முடிவு இது. அழகாக இருப்பதால்தான் சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு இ: இரவு இரண்டு, காலையும் இரண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் திருத்தத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மத்தியானமே அவளைக் கொன்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அவளைக் கொல்ல என்னால் முடியாது. அதை அவளே எழுதிக் கொடுத்தாலும் முடியாது.

நாலு ஐம்பது. இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும், இந்தக் கதை முழுக்க ஒரே கேள்வியைத் தள்ளிப்போடுவதற்காக எழுதியது.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா தொமோயே. பேனாவும் கையுமா இருக்கேன்."

மினேகோ இல்லை என்பதை முதலில் சொன்னேன்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"போன வருஷம்கூட என் ஊறுகாயில உப்பு ஜாஸ்தின்னு குத்தம் சொல்லிட்டுப் போனாளே," என்றார். பிறகு, "அப்ப... எத்தனை பேருக்கும்மா?"

சொன்னேன். விடுதிக்காரர்கள் வழக்கப்படி நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். "சரி. பத்திரமா வா," என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சனிக்கிழமை காலை 7:40 ரயில், கடைசி வரிசை, அதுவரைக்கும் எனக்குத் தெரியும். மீதிக்குப் புத்தகத்தில் இப்படி இடம் விட்டிருக்கிறேன்:

சனி இரவு உணவு (   )
ஞாயிறு காலை உணவு (   )

உங்களிடம் சிவப்புப் பேனா இருந்தால் நிரப்புங்கள். தப்பாகிவிடுமோ என்று யோசிக்க வேண்டாம். நான் எதை எழுதினாலும் திருத்துவதற்கு இனி ஆள் இல்லை.