மாமியாரின் சங்கீதம்

ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவன் வீடு திரும்பியபோது, மாமியாரின் பெட்டி வாசலோரம் தயாராக நின்றது. காலையில் மச்சான் வந்து அழைத்துப்போகிறானாம். மகளே போன பிறகு மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று போனில் கேட்டிருக்கிறான். நியாயந்தான் என்றான் அவன். இருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மனைவி இறந்ததிலிருந்தே அவனுக்கு எதற்கும் வாய் வருவதில்லை. இந்த அம்மாளும் போய்விட்டால் வீட்டில் அவனும் சுவரும்தான்.

சாயங்காலம் மாமியார் வேதத்தை, அவருடைய பைபிளை, திறந்தார். அதில் ஒரு சங்கீதம், துதிப்பாட்டு. கடல் பிளந்தது, வனாந்தரத்தில் நடந்தது என்று எகிப்தில் அடிமைகளாக இருந்து தப்பிய எபிரேயர் கதையை வரிவரியாகச் சொல்லும். ஒவ்வொரு வரிக்கும் கேட்பவர்கள் ஒரே பதில் சொல்ல வேண்டும்: கடவுளின் இரக்கம் தீரவில்லை. மகள் இருந்தவரை மாமியார் அதோடு விடமாட்டார். வேதத்தை மூடிவிட்டு வீட்டுக் கதையையும் அதே ராகத்தில் இழுப்பார். சோறு வெந்த பிறகே கேஸ் தீர்ந்தது. மாப்பிள்ளை இன்று சட்டையைத் திருப்பிப் போடவில்லை. மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் பதில் சொல்வாள். அவன் முறைப்பான்.

இப்போது பதில் சொல்ல ஆளில்லை. மாமியாரும் அந்தப் பதிலைச் சொல்வதில்லை. வரிக்கு வரி சற்று நிறுத்திவிட்டு மேலே போவார்.

வனாந்தரம் வந்தபோது அவன் குறுக்கிட்டான்.

“அத்தை, அந்த இரக்கம் தீரலங்கறது உண்மைன்னு உங்களுக்கு இன்னும் தோணுதா?”

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

“சில நாள் தோணல, மாப்பிள்ளை. அதான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கறேன். அந்த ஜனங்க மட்டும் என்ன, சிரிச்சுக்கிட்டா நடந்தாங்க? தினம் முணுமுணுப்பு. ஆனாலும் வானத்துலேருந்து சாப்பாடு வந்துச்சு.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நீங்களும் எங்கிட்ட பேசறதே இல்ல. ஆனா ஒருநாள்கூட என் சர்க்கரை மாத்திரைய எடுத்து வைக்க மறந்ததில்ல,” என்றார்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அத்தை நாளைக்கு ஊருக்குப் போகல,” என்று கட்டைக்குரலில் இழுத்தான்.

அது ஒரு வரி என்று புரிய அவருக்குச் சற்று நேரமானது. வரி சொல்லித்தான் பழக்கம், பதில் சொல்லி அல்ல. நாலு பேர், மச்சான் என்று ஏதோ ஆரம்பித்தார். அவன் பதில் வரிக்காகக் காத்திருந்தான்.

“அவர் இரக்கம் இன்னும் தீரல,” என்றார் மாமியார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகனுக்குப் போன் போட எழுந்தார்.

“ராகம்தான் சகிக்கல, மாப்பிள்ளை.”