மருமகள் பேருக்கு வந்த கவர்

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வரும் கவரைத் திருவாதவூரில் யாரும் பெயர் பார்த்துப் பிரிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகைதானே, யார் பிரித்தால் என்ன? அழகுபாண்டியும் அப்படித்தான் பிரித்தார். கவர் வந்ததோ மருமகள் பாண்டிமீனாவின் பேருக்கு. அவள் மேலூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

உள்ளே பத்திரிகை இல்லை, ஒரு ஜாதகம் இருந்தது. கூடவே பாண்டிமீனாவைத் தன் மகனுக்குக் கேட்டு, பழங்காநத்தத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா எழுதிய நாலு வரி: எங்களுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, குழந்தையையும் எங்கள் பிள்ளையாகவே வளர்ப்போம், வீட்டில் கலந்து பேசிச் சொல்லுங்கள். கீழே போன் நம்பர்.

மகன் இறந்த பிறகு அழகுபாண்டிக்கும் அவர் மனைவிக்கும் மிஞ்சிய சந்தோஷம் பேத்தி பவதாரிணி ஒருத்திதான். அவளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே என்று பயந்தார். அதுவரை நடந்தது கைத்தவறு. அதற்குமேல் அவர் செய்தது அயோக்கியத்தனம். அந்த நம்பருக்குப் போன் போட்டு, "பொண்ணுக்கு இதுல இஷ்டமில்லீங்க, இனிமே எழுதாதீக" என்று சொல்லிவிட்டு, கவரை நெல்மூட்டைக்கு அடியில் செருகினார்.

செய்த மனுஷனுக்குச் சோறு இறங்க வேண்டாமா? இறங்கவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் போஸ்ட்மேனைப் பார்த்தபோது யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டார்.

"அடுத்தவுக தபாலைப் பிரிச்சு ஒளிச்சு வச்சா என்னப்பா பண்ணுவாக?"

"கேஸ் ஆகிப்போகும்ணே. வீட்டாளு தபாலா இருந்தாலும் தப்பு தப்புத்தேன். உள்ள போனவுகளும் உண்டு."

உள்ளே போவதுகூடப் பரவாயில்லை என்று பட்டது. பாண்டிமீனா பரிமாறும் சோற்றைத் தலை நிமிராமல் தின்பதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. அன்று சாயங்காலமே கவரை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

"நாந்தேன் தாயி பிரிச்சேன். போன்லயும்..."

"தெரியும் மாமா. நீங்க பேசுன அன்னைக்கே அவுக என்னையக் கூப்பிட்டுக் கேட்டுட்டாக. எனக்குச் சம்மதந்தேன், வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா இல்லைன்னு பொய் சொல்லிருவீகளோன்னு பயம். அப்புறம் நான் உங்களை எப்படி மாமான்னு கூப்பிடுறது?"

அழுதுவிடுவோமோ என்றிருந்தது அவருக்கு. போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினார்.

"யாருங்க பேசுறது?"

பொண்ணோட அப்பா என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்ல முடியவில்லை.

"அன்னைக்குப் பொய் சொன்னவன் பேசுறேங்க" என்றார்.