இரண்டாம் பக்கத்தைப் போட்டது யார்?

நாற்காலிகளைத் தூக்கி வாசலில் போடும்போதுகூட அவர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அந்த விடியக்காலை ராகத்தைப் போடலாம். மெதுவா, பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்காம," என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"எதை? கச்சேரியில எடுத்ததா, ரேடியோவுல வந்ததா?" இது வால்யூம். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைப் போட்டாலும் "கொஞ்சம் குறைங்க" என்பார். அதனால் அந்தப் பெயர்.

"ரேடியோவுல வந்தது."

"அதுல மைக் இரையுமே."

"இன்னைக்குக்கூட உங்களுக்கு மைக்தான் இரையுதா?"

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால், கூடத்தில், வெள்ளைப் போர்வைக்குள் அவளுடைய கணவர் படுத்திருந்தார். இவர்கள் இருவரும் கல்யாண வீட்டில் பந்தல்காரர்கள் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் போட வேண்டாம்," என்றாள். "நாற்காலியை நிழல்ல போடுங்க. வர்றவங்க வெயில்லயா உக்காருவாங்க?"

இருவரும் உடனே நாற்காலிகளை நகர்த்தினார்கள். நகர்த்தும்போதே வால்யூம் மெல்லிய குரலில், "கச்சேரியில எடுத்ததுல அந்த இரைச்சல் கிடையாது. அதுக்குத்தான் சொன்னேன்," என்றது அவள் காதில் விழுந்தது.

கல்யாணமான புதிதிலிருந்தே அவள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கணவர் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். கை எப்போதும் எண்ணெயும் கருப்புமாக இருக்கும். சோற்றில் கைவைக்கும் முன் பேருக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றிக்கொள்வார். இசைத்தட்டைத் தொடும் முன் மட்டும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் லிஃப்ட் மெக்கானிக், வால்யூம், பல் டாக்டர் மூவரும் வந்துவிடுவார்கள். அந்த வாரம் யார் என்ன கேட்டார்கள் என்று முதலில் ஒரு சுற்று. அதிலேயே ஒரு சண்டை. பிறகு யாராவது ஒருவர் கொண்டுவந்த இசைத்தட்டு. அது ஓட ஆரம்பித்ததும் நான்கு பேரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். முடியும் வரை கண் திறக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. ஒருமுறை அடுப்படியில் துணி பற்றிக்கொண்டு அவள் கத்தியபோது, பல்லவி முடிந்த பிறகுதான் வந்து எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் அவளே தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தாள்.

நேற்றும் ஞாயிற்றுக்கிழமை. கண்ணை மூடியவர் திறக்கவில்லை. பாட்டெல்லாம் முடிந்த பிறகு பல் டாக்டர் அடுப்படி வாசலில் வந்து, "அண்ணி, கொஞ்சம் வாங்க," என்றார். ஆம்புலன்சில் வந்த டாக்டர் பார்த்துவிட்டு, நொடியில் உயிர் போயிருக்கும், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "கொடுத்து வெச்சவர். பாட்டுக் கேட்டுக்கிட்டே போயிட்டார்." அவள் தலையை ஆட்டி ஆட்டி ஓய்ந்துவிட்டாள். அவளைக் குடைந்துகொண்டிருந்தது வேறு.

நேற்று முதல் பக்கம் முடிந்ததை அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். வழக்கமாக அதன் பிறகு அவர் எழுந்திருக்கும் சத்தம் வரும். முட்டி ஒன்று சொடுக்கும். துணியால் துடைப்பார். ஊசியில் 'ஃபூ' என்று ஊதுவார். ஒரு செருமல். பிறகு ஊசி இறங்கும். இறங்குவது தெரியாது, வயலின்தான் கேட்கும். ஊசி இறங்குவது தட்டுக்கே தெரியக் கூடாது என்று பெருமையடித்துக்கொள்வார். நேற்று முட்டி சொடுக்கவில்லை, ஊதவில்லை, செருமவில்லை. வெகுநேரம் தட்டு வெறுமனே கரகரவென்று சுற்றியது. பிறகு டொக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு வயலின்.

அந்த டொக் அவருடையது இல்லை.

ராத்திரியே வந்து சேர்ந்துவிட்ட மகளிடம் சொன்னாள். மகள் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தவள், போனைக் கையால் மூடிக்கொண்டு, "அம்மா, விடும்மா. அந்தப் பாட்டு மிஷினை யார் தொட்டா என்ன இப்ப?" என்றாள்.

"உங்கப்பா என்னையே தொட விட்டதில்லை. தூசி தட்டக்கூட விட மாட்டார். அவர் இருக்கும்போது இன்னொருத்தர் அதுல கை வெச்சிருக்காங்கன்னா, அவர் இல்லைன்னு அவங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"அதைத்தான் கேக்கணும்."

வாசலுக்குப் போய் இருவரையும் கேட்டாள். வால்யூம் பதறிவிட்டார். "நான் கண்ணையே திறக்கலை அண்ணி. அவர்தான் திருப்பிப் போட்டார்னு நினைச்சேன்."

"நானும்தான்," என்றார் மெக்கானிக். "ஆனா ஊசி விழுந்தது கேட்டுச்சு. முடியட்டும், நல்லா கிண்டல் பண்ணலாம்னு மனசுல வெச்சிருந்தேன்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர் மோவாய் ஆடியது. அவளுக்கு அதைப் பார்க்கவும் எரிச்சலாக இருந்தது. இவர்களை அதட்டவும் முடியாது, தேற்றவும் முடியாது.

மீதி இருந்தது பல் டாக்டர். காலையிலிருந்து அவர் அவளிடம் அகப்படவே இல்லை. வண்டிக்குச் சொன்னது அவர், சான்றிதழ் வாங்கியது அவர், தண்ணீர் கேன் கொண்டுவந்து இறக்கியது அவர். அவள் கூடத்துக்கு வந்தால் அவர் வாசலில் இருப்பார். வாசலுக்கு வந்தால் பின்பக்கம் போய்விடுவார். பின்பக்கக் குழாயடியில்தான் பிடித்தாள். டம்ளர்களைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ரெண்டாவது பக்கத்தை யார் போட்டது?"

அவர் குழாயை மூடினார். "நான்தான் அண்ணி."

அவள் இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

"பக்கம் முடிஞ்சு தட்டு சும்மா சுத்திக்கிட்டே இருந்துச்சு," என்றார் அவர். "அவர் அப்படிச் சுத்த விட மாட்டார். கண்ணைத் திறந்து பார்த்தேன். கையைத் தொட்டா விரலெல்லாம் ஆறிப்போயிருந்துச்சு. கழுத்துல பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன்."

"டாக்டர்தானே நீங்க?"

"பல்லுக்குத்தான். ஆனா இது தெரியும் அண்ணி. முதல் பக்கம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே போயிருக்கணும். செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப என்னைக் கூப்பிட வேண்டியதுதானே?"

அவர் ஒரு டம்ளரை எடுத்து, ஏற்கெனவே கழுவியதை மறுபடி கழுவினார்.

"டாக்டர், உங்களைத்தான்."

"வந்தேன். அடுப்படி வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு வெங்காயம் நறுக்கிட்டிருந்தீங்க. பொண்ணுகூடப் பேசிட்டிருந்தீங்கபோல. சிரிச்சீங்க. நல்லா, கத்தியைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சீங்க. என்னால சொல்ல முடியலை. திரும்பிப் போயிட்டேன்."

"போய்?"

"பாட்டு நின்னா சொல்லித்தானே ஆகணும். அதான் அடுத்த பக்கத்தைப் போட்டேன். கை நடுங்கி, ஊசி விழுந்துடுச்சு."

"செத்துப்போன மனுஷன் பக்கத்துல உக்காந்து மிச்சப் பாட்டையும் கேட்டீங்களா? பாட்டை விட்டா வேற ஒண்ணுமே தெரியாதா உங்களுக்கெல்லாம்?"

"கேக்கலை அண்ணி. ஒண்ணும் காதுல ஏறலை. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

தண்ணீர் அவர் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். மாப்பிள்ளை குப்பை கொட்டப் போய், கதவு தானாகப் பூட்டிக்கொள்ள, இடுப்பில் துண்டோடு பக்கத்து வீட்டு மணியை அடித்த கதையை நேற்று போனில் மகள் சொன்னாள். அதற்குத்தான் சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது வெங்காயத்துக்கா சிரிப்புக்கா என்று மகளிடமே கேட்டாள். பிறகு எண்ணெய் வைத்தாள், தாளித்தாள். உள்ளே வயலின் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பாட்டு எப்போது முடியுமோ, இவர்கள் எப்போது கிளம்புவார்களோ என்று முணுமுணுத்தாள். அதற்கு முன், டொக் கேட்டபோது, இவருக்கும் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்தாள். நினைத்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

இதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

வாசலில் வண்டியின் ஹார்ன் கேட்டது. கூடவே மெக்கானிக்கின் குரலும்: "கால் பக்கம்தான் முதல்ல வெளிய வரணும். வாசல் குறுகல், நான் எவ்வளவு சாமான் ஏத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா?" வால்யூம் அதற்கு ஏதோ மறுத்துச் சொன்னார்.

"கேக்குதா?" என்றாள் அவள். "அவங்க ரெண்டு பேரையும் விட்டா நிலைப்படியிலயே நிறுத்தி வெச்சுப் பேசிட்டிருப்பாங்க. நீங்க போய்த் தலைப் பக்கம் பிடிங்க."

பல் டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"கையைத் துடைச்சுக்கிட்டுப் போங்க. ஈரத்துல வழுக்கும்." தன் முந்தானையை நீட்டப் போனவள், கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

தூக்கும்போது யாரும் பேசவில்லை. வாசல் குறுகல்தான், கொஞ்சம் சாய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பல் டாக்டர் பின்னால் வந்தார். அவர் பார்வை முழுதும் அந்தத் தலைமேலேயே இருந்தது. படியில் இறங்கும்போது தன் உடம்பை வளைத்துக்கொண்டாரே தவிர, ஸ்ட்ரெச்சரை ஆட விடவில்லை. வண்டிக்குள் ஏற்றிய பிறகும் கையை எடுக்காமல், வெறுங்காலோடு அப்படியே உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவள் குனிந்து காலால் விலக்கி, கையால் விலக்கி, வார் பிய்ந்து வெள்ளை நூலால் தைத்திருந்த ஒரு ஜோடியைத் தேடி எடுத்தாள்.

"அது யாரோடதும்மா?" என்றாள் மகள். "நேரமாச்சு, ஏறு."

அவள் செருப்பைக் கையில் பிடித்தபடி வண்டியில் ஏறி, பல் டாக்டரின் கால்களுக்குப் பக்கத்தில், அவர் இறங்கும்போது மாட்டிக்கொள்ள வாகாக, திருப்பி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.