முதல் நிலைக் கட்டணம்

பிரிட்ஜ்காரர் தன் ஆயுளில் எந்தக் காகிதத்தையும் முழுசாகப் படித்ததில்லை. பழுதுபார்க்க வரும் பிரிட்ஜின் கையேட்டைக்கூடப் பிரித்துப் பார்க்க மாட்டார். பின்பக்கம் காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தூக்கல்தான். அப்பேர்ப்பட்டவர் முதியோர் இல்லத்தின் கட்டண விவரத்தை மட்டும் மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். படித்து என்ன பிரயோஜனம்? தொகை போட்டிருந்த பக்கத்தைத் தாண்டி அவர் கண் நகரவே இல்லை.

அவர் மனைவிக்கு மறதி நோய் வந்து நாலு வருஷம். சட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவள். ஒரு பொத்தான் இம்மி விலகியிருந்தாலும் சட்டைக் கட்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் பெயரைக் கேட்டால் தையல்காரர்கள் தைத்ததை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அவள்தான் இப்போது கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தாள், அதுவும் இரண்டு முறை. ஒருநாள் வீட்டை விட்டுப் போனவளைச் சாயங்காலம் பஸ் நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவர் கடையைத் திறந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். வேறு போக்கிடம் இல்லாமல்தான் இல்லத்துக் கதவைத் தட்டினார்.

அங்கே மூன்று நிலை. தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்கள் முதல் நிலை. துணைக்கு ஆள் வேண்டியவர்கள் இரண்டாம் நிலை. படுத்த படுக்கையாக இருப்பவர்கள் மூன்றாம் நிலை. முதல் நிலைக் கட்டணம் கையைக் கடித்தாலும் எப்படியோ சமாளிக்கலாம். இரண்டாவதைப் பார்த்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். யார் எந்த நிலை என்று முடிவு செய்ய, மதிப்பீடு செய்யும் அம்மா ஒருத்தி வீட்டுக்கே வந்து பார்ப்பாள் என்றார்கள்.

அங்கேதான் மனுஷனுக்குப் புத்தி கோணலாக ஓடியது. பழைய பிரிட்ஜை விற்க வருகிறவர்கள், பார்க்கிற அன்றைக்கு மட்டும் நன்றாகக் குளிரட்டும் என்று கொஞ்சம் கேஸ் அடித்துக்கொண்டு வருவார்கள். அப்படி எத்தனை பேரை அவர் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். அதே வேலையைக் கட்டின பெண்டாட்டியிடம் காட்டினார். பத்து நாள் கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்து பாடம் நடத்தினார். தலை வாரு. பொத்தான் போடு. டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடி. உதவி வேண்டுமா என்று யார் கேட்டாலும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லு. பரீட்சை எந்தக் கிழமை என்பதைக்கூட உருப்போட வைத்தார். புதன், புதன், புதன்.

அவளும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல ஆசை ஆசையாகப் படித்தாள். புதன்கிழமை அந்த அம்மா கேட்டதையெல்லாம் அப்படியே செய்து காட்டினாள். ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. முதல் நிலை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்த அம்மா போனதும், புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

இல்லத்தில் சேர்த்த பிறகு வாரம் இரண்டு நாள், நாலு மணிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு வேளையில் பார்வையாளர்களை உள்ளே விட மாட்டார்கள். ஆறாவது வாரம் அவள் மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழுந்தது. சாப்பிடுகிறாயா என்று கேட்டார். சாப்பிட்டாச்சு என்றாள். அதையும் நம்பி, மோதிரத்தில் நூலைச் சுற்றி மாட்டிவிட்டு வந்த புண்ணியவான் அவர்.

அடுத்த வாரம் இல்லத்துச் சமையலறையில் பெரிய பிரிட்ஜ் படுத்துவிட்டது. தெரிந்த ஆளாயிற்றே என்று அவரையே கூப்பிட்டார்கள். மத்தியானம் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, வந்தது வந்தோம் என்று மனைவியின் அறைப்பக்கம் போனார். கதவு பாதி திறந்திருந்தது.

தட்டு அவள் முன்னால் இருந்தது. அவள் கரண்டியை நேராக்கினாள். தட்டைக் கொஞ்சம் நகர்த்தி மேஜையின் நடுவில் வைத்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்து நாலு ஓரமும் சரியாக இருக்கும்படி தட்டை மூடினாள். மூடிவிட்டு, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிடவில்லை. சற்று நேரத்தில் ஆயா வந்து, ஊட்டிவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம்மா. நானே பாத்துக்கறேன்."

"சாப்ட்டாச்சா அப்போ?"

"ஆச்சு."

ஆயா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிரிட்ஜ்காரர் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்தார். சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. தேள் கொட்டியதுபோலக் கத்தினார். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குத்தானே மாசாமாசம் அழுகிறேன் என்றார். ஆயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்திரண்டு அறைக்கு அவள் ஒருத்தி.

"ஐயா, இவங்க தானே சாப்பிடறவங்கன்னுதான் எங்க அட்டையில எழுதியிருக்கு. ஊட்டிவிடற ஆளு ரெண்டாம் நிலையிலதான் உண்டு. நானா மனசு கேக்காம கேட்டா, வேணாம்னுடறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

நிர்வாகியின் அறையில் கட்டண விவரத்தின் மூன்றாவது பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்கள். முதல் நிலையில் சாப்பாடு அறைக்கு வரும், ஊட்ட மாட்டார்கள். வெந்நீர் வரும், குளிப்பாட்ட மாட்டார்கள். துணி துவைத்து வரும், உடுத்திவிட மாட்டார்கள். ஒளிவுமறைவே கிடையாது, எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. கடையை விற்றாவது இரண்டாம் நிலைக்குக் கட்டிவிடுகிறேன் என்றார். நிர்வாகி நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்தார். ஆனால் பணத்தால் மட்டும் ஆகாது, இரண்டாம் நிலையில் இருப்பதே சில கட்டில்கள், மதிப்பீட்டில் தேவை என்று தெரிந்தால்தான் மாற்ற முடியும் என்றார். மாற்றினால் அன்றிலிருந்தே ஊட்டிவிட ஆள் உண்டு என்றும் சொன்னார்.

மறு மதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை அதே அம்மா இல்லத்துக்கு வந்தாள், அதே கோப்போடு. மனைவியின் முகம் மலர்ந்தது. தலையை வாரினாள். பொத்தானைப் போட்டாள். டம்ளரில் சிந்தாமல் தண்ணீர் ஊற்றினாள். இன்றைக்கு என்ன கிழமை என்றதும் டக்கென்று புதன் என்றாள். அதை மட்டும் அந்த அம்மா தவறென்று குறித்துக்கொண்டாள். ஒரு தவறு போதாது என்பது அவள் பேனாவை மூடிய விதத்திலேயே தெரிந்தது. போன தடவை மாதிரியே நன்றாக இருக்கிறார்கள் என்று எழுந்துகொள்ளப் போனாள்.

அவர் எழுந்து வாசலை மறித்து நின்றார். இந்த அறையை விட்டு அந்த அம்மா போனால் அடுத்த மதிப்பீட்டுக்கு மூன்று மாசம் ஆகும். மனைவிக்கு இருக்கிற உடம்பு மூன்று மாசம் தாங்காது.

"அதெல்லாம் நான் சொல்லிக்குடுத்தது, மேடம். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று அவருக்குத் தெரியும். தட்டை முன்னால் வைத்தால் அது எதற்கென்று தெரியாது என்றார். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாது என்றார். வீட்டில் இருந்தபோது படுக்கையிலேயே போய்விடுவாள், நான்தான் கழுவிவிடுவேன், ஒருதரம் கடைக்கு வந்த ஆட்கள் முன்னால் சேலையை அவிழ்த்துவிட்டாள் என்றார். முப்பது வருஷம் அவர் யாரிடமும் அவளை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. இன்று அவள் மானத்தை அவள் எதிரிலேயே வைத்து ஏலம் போட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த அம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனாள். மனைவி சீப்பைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நிலை என்று எழுதியாயிற்று. அந்த அம்மா போகும்போது அவர் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனாள். அறையில் இரண்டு பேர் மட்டும்.

"என்னங்க, நான் நல்லாத்தானே செஞ்சேன்?" என்றாள் மனைவி.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"யார்கிட்டயும் ஒரு வாய் தண்ணிகூடக் கேக்கல. எல்லாம் சரியா செஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு இருந்தேன். நீங்க ஏன் அப்படிச் சொல்லிட்டீங்க?"

பசி தெரியாமல் இல்லை, தானாக எடுத்துச் சாப்பிட வராமல், ஊட்டிவிடச் சொன்னால் பரீட்சையில் தோற்றுவிடுவோம் என்று அவள் பட்டினி கிடந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. உன் வயிறு காயக்கூடாது என்றுதான் சொன்னேன் என்று சொல்லப் பார்த்தார். சொன்னால் அது அவளுக்கு எட்டுமா என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் புது ஆயா கிண்ணத்தோடு வந்தாள். நிர்வாகி அவரை இருக்கவிட்டிருந்தார். மறுத்துவிடுவாளோ என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஆயா கரண்டியை நீட்டினாள். மனைவி, நானே பாத்துக்கறேன் என்று சொல்லவில்லை. வாயைத் திறந்தாள்.