புகுந்த வீடு

சமுகமளித்தோர்:

1. ஏ.எல். சப்ரி, கல்விப் பொறுப்பாளர் (தலைமை)
2. சுஜித்தா பவிதரன், விரிவுரையாளர்
3. எம்.ஐ. ஜௌஸி, லிகிதர் (குறிப்பெடுத்தவர்)
4. எம்.எஸ். சுபியான், இறுதியாண்டு மாணவன்
5. ஸுல்பிகா, தகவல் தந்தவர் (இடையில் அழைக்கப்பட்டார்)

விசாரணைக் கூட்டக் குறிப்பில் இப்படித்தான் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் என்று எங்கேயும் எழுதவில்லை. அந்தளவு மரியாதையைக் கல்லூரி காட்டியது. கல்லூரி என்றால் கல்முனையில் ஒரு புடவைக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த மாடி. கூட்ட அறை என்றால் ஒரு நீள மேசையும் ஏழு பிளாஸ்டிக் கதிரைகளும். சுபியான் கதவுக்குக் கிட்ட இருந்த கதிரையில் இருந்தான்.

இந்த வருடம்தான் அந்த விதியைக் கொண்டுவந்தார்கள். ஒரே பக்கம். செயற்கை நுண்ணறிவைப் பாவிக்கலாம். மொழியைத் திருத்தலாம், தகவல் தேடலாம், பந்திகளை ஒழுங்குபடுத்தலாம். எதற்குப் பாவித்தாய் என்று இறுதியாண்டு அறிக்கையின் கடைசித் தாளில் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: ஒரு ஆள் சொல்லாததைச் சொன்னதாக எழுதவைக்கக் கூடாது. செய்தால் அறிக்கைக்குப் பூச்சியம், டிப்ளோமா கிடையாது.

கடைசித் தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன. பாவித்தேன், பாவிக்கவில்லை. சுபியான் இரண்டாவதில் சரி போட்டிருந்தான். முதலாவதில் போட்டிருந்தால் சுஜித்தா மிஸ் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டு, திரும்ப எழுதிக் கொண்டுவா என்று விட்டிருப்பார். அது அவனுக்குத் தெரியும். பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே தெரியும்.

டிப்ளோமா இல்லையென்றால் வேலை இல்லை. ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர் வேலைக்குத் தெரிவாகியிருந்தான். மாதம் முடியுமுன் சான்றிதழைக் காட்ட வேண்டும். மூன்று வருடமாக ராத்திரியில் பேக்கரியில் மா பிசைந்து, பகலில் செத்த பிணமாய்த் தூங்கி, சனி ஞாயிறுகளில் வகுப்பில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தவன். அந்த அடுப்பைவிட்டு வெளியே வர இருந்த ஒரே வழி அதுதான்.

அறிக்கைக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கேட்டு, அவர் வாயால் சொன்னபடியே எழுத வேண்டும். சாய்ந்தமருதில் அவன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஸுல்பிகா மாமி இருந்தார். புருசன் மௌத்தாகிப் பதினொரு வருடம். இடியப்பம் அவித்து விற்று ஒரே மகளை வளர்த்தவர். ஒருநாள் காலையில் வேலை விட்டு வருகிற வழியில் போனான். மாமி இடியப்பம் பிழிந்துகொண்டே கதைத்தார். அவன் ஃபோனில் பதிந்தான். பதினொரு நிமிஷம். பிறகு நித்திரை தாங்க முடியாமல் எழும்பி வந்துவிட்டான். திரும்பப் போகவேயில்லை.

மிச்சத்தை ஏஐயிடம் கேட்டான். விதவை, நாற்பத்தெட்டு வயது, முஸ்லிம், இடியப்பம் விற்பவர், தன் வாயால் சொல்வதுபோல் நாலாயிரம் சொல். அது ஒரு நிமிஷத்தில் எழுதித் தந்தது. நல்லாகவே எழுதியிருந்தது. சுபியான் வாசித்தான் என்றும் சொல்ல ஏலாது. கண்ணை ஓடவிட்டான்.

சுஜித்தா மிஸ் அப்படி ஓடவிடுகிற ஆள் இல்லை. ஆறாம் பக்கத்தில் ஒரு வரிக்குச் சிவப்பில் கோடு போட்டிருந்தார். அதைத்தான் இப்போது மேசையில் வைத்து வாசித்தார்.

"'புகுந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே மாமியார் என்னை அடுப்படியில் நிறுத்தினார். அங்கேதான் நான் இடியப்பம் பிழியக் கற்றுக்கொண்டேன்.'" மிஸ் தாளிலிருந்து தலையை எடுத்தார். "சேர், நான் பாண்டிருப்பு. நீங்க மருதமுனை. கோயிலும் பள்ளிவாசலும் வேறயெண்டாலும் இந்த விசயத்தில நாம ஒண்டுதானே. வீடு பொம்புளப் புள்ளைக்கு. மாப்பிள்ளதான் வந்து இருக்கணும். என்ட மனிசனும் ஒரு சூட்கேசோட வந்தவர்தான்."

"புகுந்த வீடெண்டா அது எனக்குத்தான் மிஸ் இரிக்கி," என்றார் ஜௌஸி, எழுதுவதை நிறுத்தாமல். "பதினாலு வருஷமாப் புகுந்து கிடக்கன். இன்னும் அடுப்படியில மட்டும் நிப்பாட்டல்ல."

சப்ரி சேருக்கும் சிரிப்பு வந்தது. "அத எழுதிராத," என்றார்.

மூன்று பேரும் சிரித்தார்கள். சுபியானுக்கு அப்போதுதான் 'புகுந்த வீடு' என்ற அந்தச் சொல் உறைத்தது. அவன் ஊரில் ஒரு பெண்ணின் வாயிலிருந்தும் அவன் அதைக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் உம்மா பார்க்கும் இந்திய நாடகங்களில். டிவியில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போய், மாமியின் கதைக்குள் அது கிடந்ததையும் தாண்டிப் போயிருந்தான். ஊரில் பள்ளிக்கூடம் போகாத ஆள்கூட அந்தப் பிழையைப் பிடித்திருக்கும்.

"சொல்லு சுபியான்," என்றார் சப்ரி சேர். "நீ எழுதினயா, எழுதவெச்சயா?"

"மாமி சொன்னதத்தான் சேர் எழுதினன்."

"இதயுமா?"

"ஓம் சேர்."

"அப்ப அவவக் கூப்பிட்டுக் கேப்பம்."

மாமியைக் கூப்பிடுவார்கள் என்று விசாரணைக்கு வரச்சொன்ன கடிதத்திலேயே இருந்தது. அதற்காகத்தான் உம்மா இரண்டு நாளாக மாமி வீட்டுக்குப் போய்வந்தார். என்ன கதைத்தார் என்று சுபியான் கேட்கவில்லை. தானே போய்ச் சொல்ல வேண்டியதை உம்மாவை விட்டுச் சொல்லவைத்தோம் என்பதையும் யோசிக்கவில்லை. வேலைக்குப் போனான், வந்து தூங்கினான்.

ஸுல்பிகா மாமி ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தார். மிஸ் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார். மாமி கதிரை நுனியில் இருந்தார்.

சப்ரி சேர் அந்த வரியை வாசித்தார். "இது நீங்க சொன்னதா?"

"திரும்ப வாசிங்க சேர்."

அவர் திரும்ப வாசித்தார். மாமி சுபியானை ஒருதரம் பார்த்தார். அவருக்கு இதில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரைக்கும் தெரியாது என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"ஓம்," என்றார். "நான்தான் சொன்னன்."

சுஜித்தா மிஸ் குரலைத் தாழ்த்தினார். "குறை நினைக்காதீங்க அக்கா. இப்ப இருக்கிற வீடு உங்கட வாப்பா தந்ததில்லையா?"

"இல்ல மிஸ். வாப்பாக்கு ஏலாமப் போயிட்டு. வீடு தரல்ல. நான் அவர்ட வீட்டுக்குத்தான் போனன்."

ஜௌஸியின் பேனை நின்றது. இந்தமுறை அவர் பகிடி விடவில்லை. அவருடைய தம்பிக்குத்தான் மாமியின் மகள் றுஸ்தாவைக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். போன வெள்ளிக்கிழமை அவருடைய உம்மாவும் சாச்சியும் வந்து அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்து, அறைகளைப் பார்த்து, நல்ல வீடு என்று சொல்லிப் போயிருந்தார்கள். வீடு கிடைக்காத பெண்ணை அந்தப் பக்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண்ணைவிட, வீடு கொடுக்காத தகப்பனைத்தான் அதிகம் பேசுவார்கள்.

சுபியானின் காற்சட்டைப் பையில் ஃபோன் இருந்தது. ஃபோனுக்குள் அந்தப் பதினொரு நிமிஷம் இருந்தது. அதில் மாமி சொல்கிறார்: "இந்த வீட்டுக்காக வாப்பா இறக்காமத்துல கிடந்த ரெண்டு ஏக்கர் வயலயும் வித்த. மறுகா மத்த ஆக்கள்ட வயலுக்குக் கூலிக்குப் போன. மௌத்தாகுமட்டும் போன." அன்றைக்குக் கேட்டபோது, இது கல்லூரி தந்த கேள்வித்தாளில் இல்லையே என்று நினைத்து விட்டுவிட்டான்.

ஃபோனை எடுத்து மேசையில் வைத்தால் போதும். வைக்கவில்லை.

ஜௌஸி எழுதியதை வாசித்துக் காட்டினார். "'தகவல் தந்தவருக்கு அவரது தகப்பனார் வீடு கொடுக்கவில்லை என்பதையும், திருமணத்தின் பின் கணவரின் வீட்டுக்கே சென்றார் என்பதையும் அவரே உறுதிப்படுத்தினார்.' சரியா?"

"ஓம்," என்றார் மாமி.

சப்ரி சேர் அறிக்கையை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். மிஸ் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு சுபியானைப் பார்த்தார், பிறகு பார்க்காமல் விட்டார். ஐந்து பேரும் கீழே கையொப்பம் வைத்தார்கள். மாமி தன் பெயரை மெதுவாக, எழுத்தெழுத்தாக எழுதினார்.

படி இறங்கும்போது சுபியான் பின்னாலேயே வந்தான். "ஓட்டோ புடிக்கட்டா மாமி?"

"வேணா. நான் பஸ்ஸில போவன்."

"மாமி, நான்…"

"உன்ட உம்மா என்ட கையப் புடிச்சி அழுதா. எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லு எண்டா. எல்லாம் எண்டா என்னெண்டு நானும் கேக்கல்ல." மாமி தெருவைக் கடந்து போனார்.

அன்று பகல் உம்மா ஆட்டிறைச்சி ஆக்கினார். சுபியான் இரண்டு தரம் போட்டுத் தின்றான். தொண்டையில் இறங்காது என்று நினைத்திருந்தான். நல்லாகவே இறங்கியது.

புதன்கிழமை உம்மா வந்து சொன்னார். ஜௌஸியின் வீட்டிலிருந்து ஆள் வந்து, வீட்டின் உறுதிப் பத்திரத்தைப் பார்க்க வேணும் என்று கேட்டிருக்கிறார்கள். மாமி எடுத்துக் காட்டினாராம். வாப்பா எழுதிக்கொடுத்தது, மாமியின் பெயரில்தான்.

"அப்ப முடிஞ்சிதானே," என்றான் சுபியான்.

"என்னத்த முடிஞ்ச? அப்ப ஒஃபிசுல ஏன் அப்பிடிச் சொன்ன எண்டு கேட்டாங்களாம். அவ வாய் திறக்கல்ல. உறுதி மெய்யா, வாய் மெய்யா எண்டு தெரியாம நாங்க எப்பிடிப் புள்ளய எடுக்கிற எண்டுட்டுப் போயிட்டாங்களாம்." உம்மா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஸுல்பிகா என்னக் கண்டா இப்ப மற்றப் பக்கத்தால போறா."

அன்றிரவு பேக்கரியில் இரண்டு தட்டுப் பாண் கருகியது. மறுநாள் பகல் அவன் தூங்கவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும் மாமி வீட்டுக்குப் போனான். வழியெல்லாம் யோசித்து ஒரு யோசனையோடுதான் போனான். அந்த யோசனையில் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மாமி கதவைத் திறந்து, உள்ளே வா என்றும் சொல்லாமல் வராதே என்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். சுபியான் முன் மண்டபத்தில் நின்றான்.

"மாமி, நான் ஜௌஸிக் காக்காவத் தனியாப் புடிச்சிச் சொல்றன். அது மாமி சொன்னதில்ல, ஏஐ எழுதினதெண்டு. அவர் வீட்டுல போய்ச் சொல்லுவார். கலியாணம் சரியாயிரும். மத்தாக்களுக்குத் தெரிய வேணா."

"சப்ரி சேருக்கு?"

"அவருக்கும் தெரிய வேணா."

"தெரிஞ்சா?"

"டிப்ளோமா தரமாட்டாங்க மாமி."

"வேல?"

"போயிரும்."

மாமி அவனை நேரே பார்த்தார். கோபம் இருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

"காதுக்குள்ள சொல்லப்போறயா," என்றார். "றுஸ்தாவ அவங்க எடுக்கிறதும் விடுறதும் அவங்கட பாடு. இவன் இல்லாட்டி இன்னொருத்தன். நான் அதுக்கு நித்திரயில்லாமக் கிடக்கல்ல. ஜௌஸி வாசிச்சான், நீ கேட்டுக்கிட்டுத்தானே இரிந்த? தகப்பன் வீடு கொடுக்கல்ல எண்டு. அதுக்குக் கீழ நான் என்ட கையால பேர் எழுதினன். அது அங்க பைலுக்குள்ள கிடக்கு."

"அத மாத்தணுமெண்டா, மாமி பொய் சொன்ன எண்டு எழுதுவாங்க."

"எழுதட்டும். சொன்னதுதானே. பொய் சொன்ன நான், எழுதவெச்ச நீ. வாப்பா என்ன செஞ்ச? கால் வெடிச்சி ரெத்தம் வடிய வடிய மத்தவன்ட வயலுல நிண்ட மனிசன்." குரல் உயரவில்லை. "உனக்கு நான் இதச் சொன்னன். நீ கேட்டயா, தூங்கினயா?"

சுபியான் தலை குனிந்தான். "கேட்டன் மாமி. ஃபோனுல இரிக்கி."

"இரிக்கா?"

"ஓம்."

"அண்டைக்கும் இரிந்தா? அந்த மேசைக்கிட்ட?"

அவன் காற்சட்டைப் பையைத் தொட்டான். மாமிக்குப் பதில் விளங்கியது. அவர் முகத்தில் அதுவரை இருந்த ஏதோ ஒன்று போய்விட்டதை அவன் பார்த்தான். நாலு வீடு தள்ளியிருக்கும் பிள்ளை என்ற எண்ணமாக இருக்கலாம்.

"அதக் கொண்டுபோய் சப்ரி சேருக்குப் போட்டுக் காட்டு," என்றார். "ஜௌஸியும் இரிக்கணும். அவன் எழுதினத்த அவனே வெட்டணும்."

"நாளைக்குக் காலையில போறன் மாமி."

"நாளைக்கு வெள்ளிக்கிழம. திறக்கமாட்டாங்க. இண்டைக்கு அஞ்சு மணிமட்டும் இரிப்பாங்க. இப்ப போ."

அவனுக்குப் போக மனமில்லை. மாமி இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றான். ஏசினால்கூடப் போதும் என்றிருந்தது. கொஞ்சம் தண்ணி தாங்க என்று கேட்டான். மாமி ஒரு கிளாசில் கொண்டுவந்து கொடுத்தார். அதை எவ்வளவு மெதுவாகக் குடிக்கலாமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தான். முடிந்ததும் மாமி கையை நீட்டி கிளாசை வாங்கிக்கொண்டார். கதவுப் பக்கம் நடந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுபியான் வெளியே வந்து செருப்பைப் போட்டான். கடைசிப் படியில் கால் வைக்குமுன்பே அவனுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே சாவி இரண்டு தரம் சுற்றியது.