சிவப்பு டேப் ஒட்டிய ஜக்

வீட்டில் தண்ணீர் இருந்த பாத்திரம் ஒவ்வொன்றையும் அவள் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில் இருந்த கூஜா சில்லென்றிருந்தது. குளியலறை வாளி, மேடையோரத்துச் சொம்பு, ஃபில்டருக்குக் கீழே நிரம்பிக்கொண்டிருந்த பாட்டில் எல்லாமே அப்படித்தான். முன்னறையில் அவரைக் கிடத்தி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டியவள் பக்கத்தில் உட்காராமல் சொம்பைத் தடவிக்கொண்டு திரிவதைக் கண்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குழாயில பிடிக்கிற தண்ணியத் தவிர வேற எதையும் யாருக்கும் குடுக்காதீங்க," என்றாள் மாடி வீட்டு டைலரம்மாவிடம்.

"சரிக்கா. நீங்க போய் உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்."

"எதையும்னா எதையும்."

டைலரம்மா தலையாட்டினாள். பாவம், அதிர்ச்சியில் ஏதோ உளறுகிறது என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே மெழுகுவர்த்தியில் இறங்கினார். மெழுகை நேராக அடுப்பில் வைத்துச் சமையலறையைப் புகை மண்டலம் ஆக்கிய பிறகுதான், வெந்நீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டார். முதல் வர்த்தியில் திரி கோணிக்கொண்டு நின்றது. அதையும் பரிசு வாங்கிய கோப்பை மாதிரி டிவி பக்கத்தில் வைத்தார். அடுத்து சோப்பு. போனில் யாரோ சொல்லிக்கொடுத்ததை நிறுத்தி நிறுத்திக் கேட்டு நோட்டில் எழுதினார். ரீடிங் எடுத்த கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம், வேலை முடிந்ததும் ஒரு டிக்.

அந்த நோட்டு இப்போது மேடைமேல் திறந்து கிடந்தது. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி: டிக். ஜன்னலைத் திற: டிக். எண்ணெயை எடை போடு: டிக். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போடு, தண்ணீரை அதன்மேல் ஊற்றவே கூடாது: டிக். யாரும் தொடாத இடத்தில் ஆற வை: டிக். எண்ணெயில் ஊற்று என்ற வரிக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. எண்ணெய்ப் பாத்திரம் பக்கத்திலேயே இருந்தது. காஸ்டிக் கரைத்த தண்ணீரைத்தான் காணோம்.

பார்வைக்கு அது வெறும் தண்ணீர். வாசனையும் கிடையாது. வாயில் பட்டால் தொண்டை வெந்துவிடும், கையில் பட்டால் தோல் உரிந்துவிடும் என்று அவரே பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். கரைத்ததும் தானாகக் கொதிக்கும், ஆற மணிக்கணக்காகும் என்பதும் அவர் சொன்னதுதான். அந்தச் சூட்டைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் ஜக் வைத்திருந்தார். யாரும் மறந்தும் தொடக் கூடாது என்று சுற்றிலும் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார். நேற்று மதியம் அவள் அதைப் பழைய பேப்பர்காரரின் சாக்கில் போட்டுவிட்டாள். எட்டு மாதமாகச் சமையலறை தன்னுடையதாக இல்லை என்ற எரிச்சல். ஜக் இல்லையென்றால் ஒரு வாரமாவது கையைக் கட்டிக்கொண்டு இருப்பார் என்று நினைத்தாள்.

காலையில் கேட்டார், "என் ஜக்கப் பாத்தியா?"

"எனக்கென்ன தெரியும். நீங்க எங்க வெச்சீங்களோ."

"சரி."

அவ்வளவுதான். அவள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது நாற்காலியில் கையுறையும் கண்ணாடியுமாகச் சாய்ந்து கிடந்தார். ஏற்கெனவே இரண்டு முறை மக்கர் செய்த இதயம். தெருமுனை டாக்டர் நாடி பார்க்க ஒரு கையுறையைக் கழற்றினார். அந்தக் கையை அதிக நேரம் பிடித்திருக்கவில்லை.

முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவரிடம் கடைசியாகப் பேசியது ஒரு பொய். அது அவள் நெஞ்சை அறுத்தது. ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை. வீடு நிறைய ஆட்கள். வெயிலில் வந்தவர்கள் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். யார் வாயிலாவது அது பட்டால், கொடுத்தது அவள் கைதான்.

"என்னண்ணி தேடுறீங்க?" நாத்தனார் பின்னாலேயே வந்துவிட்டாள்.

மறைக்க முடியவில்லை. "காஸ்டிக் கரைச்சு வெச்சிருக்கார். எந்தப் பாத்திரத்துலன்னு தெரியல."

"அதுக்குன்னு தனியா ஒரு ஜக் வெச்சிருந்தாரே?"

"இருந்துச்சு."

 நாத்தனார் முன்னறைக்கு ஓடி, பாதி குடித்த டம்ளர்களைக்கூட ஒவ்வொருவர் கையிலிருந்தும் பிடுங்க ஆரம்பித்தாள்.

அவள் பாத்திர அலமாரியைத் திரும்பவும் பார்த்தாள். இருப்பதைத் தேடி என்ன பிரயோசனம், இல்லாததைத்தானே பார்க்க வேண்டும். மேல் தட்டு சரி. நடுத்தட்டு சரி. கீழ்த்தட்டில், ஓரத்தில் ஓர் இடம் காலி. பால் காய்ச்சும் பாத்திரம்.

"யாராவது பால் பாத்திரத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே முன்னறை வாசலுக்கு வந்தாள்.

மகள் அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள். பால் பாத்திரம் அவள் மடிக்குப் பக்கத்தில் இருந்தது. மூடியிருந்த தட்டு தரையில் கிடந்தது. மகள் கைக்குட்டையை நான்காக மடித்து, நனைக்கக் கையைக் கொண்டுபோனாள்.

 உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, யாருடைய காலையோ மிதித்துப் போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். கைக்குட்டையின் நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இருந்தது.

"என்னம்மா?"

"இது ஏது?"

"பின்னாடி தாழ்வாரத்துல, மேல் பலகையில இருந்துச்சு. தொட்டேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. அப்பா முகம் துடைக்க நீதான் காய்ச்சி வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

அவள் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது.

இரண்டு கையாலும் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுவந்தாள். மகளும் நாத்தனாரும் பின்னாலேயே வந்தார்கள்.

"கொட்டித் தொலைங்க அண்ணி."

"எங்க கொட்ட? கொல்லையில குழந்தைங்க ஓடுது. எண்ணெயில சேத்தாத்தான் இது அடங்கும். நீங்க முன்னால போய்ப் பாருங்க, நான் வர்றேன்."

நாத்தனார் போனாள். அவள் மேடையில் கிடந்த அவருடைய கையுறைகளை மாட்டிக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் தொளதொளவென்று இருந்தது. கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, நோட்டில் இருந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் ஊற்றினாள். கலங்கிப் பால் நிறமாயிற்று. கரண்டியைத் தூக்கிச் சொட்ட விட்டால் மேலே கோடு நிற்க வேண்டும், அதுவரை கை ஓயக் கூடாது என்று எழுதியிருந்தது. கிண்டினாள்.

"ஜக்க நான்தான் பேப்பர்காரர்கிட்ட போட்டேன்," என்றாள் மகளைப் பார்க்காமல். "காலையில கேட்டார். தெரியாதுன்னுட்டேன்."

மகள் நோட்டை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும்மா."

கரண்டி நின்றது.

"நேத்து சாயந்திரம் போன்ல சொன்னார். பேப்பர்காரர் வண்டியில பாத்தாராம். கேட்டு வாங்கிட்டு வர வேண்டியதுதானேன்னேன். 'போகட்டும், உங்கம்மாவுக்கு ஏதோ கோவம், அதுவாவது தணியட்டும்'னு சிரிச்சார்."

"அப்ப காலையில எதுக்குக் கேட்டார்?"

"தெரியலம்மா."

அவள் மறுபடி கிண்டினாள். கண்ணாடிக்குள் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. காஸ்டிக் பட்ட கையுறையோடு கண்ணைத் தொட முடியாது. கழற்றவும் இப்போது நேரமில்லை.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணனக் கொண்டுபோக வண்டி வந்துருச்சு அண்ணி. எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க."

"அஞ்சு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க."

கரண்டியைத் தூக்கிச் சொட்ட விட்டாள். விழுந்தது தடமே இல்லாமல் உள்ளே போயிற்று. கரண்டியை மறுபடி உள்ளே விட்டாள்.